உப்பளத்துக்குப் போன தாகம்

தவசிக்கண்ணுவின் தாகம் அவரை விட்டு இறங்கிப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பெரியாஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு ஊர் திரும்பும் பஸ்ஸில், சிப்பிக்கரைக்கு முந்தின உப்பளத்து நிறுத்தத்தில். முதலில் நாக்கு லேசானது, பிறகு தொண்டைக்குள் வருஷக்கணக்காகப் பாய் விரித்துப் படுத்திருந்த ஒன்று எழுந்து உதறிக்கொள்வது போலிருந்தது, பிறகு பஸ் நின்றது. யாரும் ஏறவில்லை, யாரும் இறங்கவில்லை, ஆனாலும் கண்டக்டர் யாரோ படியிறங்கி முடிக்கட்டும் என்பது போலக் கொஞ்சம் பொறுத்துத்தான் விசில் கொடுத்தார். தவசிக்கண்ணு ஜன்னல் வழியே பார்த்தார். உப்பளத்துக்குப் போகும் வண்டிப்பாதையில் புழுதி, ஒரு ஆள் நடக்கிற வேகத்தில், தன்பாட்டுக்கு எழும்பிக்கொண்டே போனது.

சிறுநீரகம் இரண்டும் சுருங்கிப் போனவருக்கு, உள்ளே போகும் தண்ணீர் வெளியே வர வழி கிடையாது. குடித்ததெல்லாம் காலிலும் முகத்திலும் நெஞ்சுக்குள்ளும் தங்கிவிடும். அதனால் நாளெல்லாம் சேர்த்து ஒரு செம்புத் தண்ணீருக்கு மேல் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், குழம்பும் மோரும் அந்தச் செம்புக் கணக்கில்தான் சேரும். இருபது வருஷம் உப்பு வாரி, வெயிலைத் தலையிலும் பாத்தியிலிருந்து எழும்பும் காந்தலை முகத்திலும் வாங்கி, சாயங்காலம் பெட்டிக்கடையில் உடம்புவலிக்கு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு தூங்கிய மனுஷன் அவர். மிட்டாய் மாதிரிக் கடைக்காரர் கிள்ளிக் கொடுத்த அந்த மாத்திரையும், வெயிலும், வேர்வையில் வற்றிய உடம்புமாகச் சேர்ந்து தன்னை அரித்துவிட்டன என்று தெரிந்தபோது அவருக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. தெம்பெல்லாம் தாகத்துக்கே போய்விட்டது. அடுத்த வீட்டில் குடம் நிரம்பும் சத்தம் கேட்டால் அவருக்குக் கண் கலங்கும். நன்னாரி போட்டுக் குளிர வைத்த பானைத் தண்ணீரை நினைத்து நினைத்து வாய்க்குள் நாக்கைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

அப்படிப்பட்ட தாகம் போய்விட்டது. சாயங்காலம் அளத்திலிருந்து திரும்பிய மனைவி சொர்ணக்கிளியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் புறங்கையால் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் இல்லை. போனது போகட்டும், நல்லதுதானே, ரெண்டு வாய் கூடச் சாப்பிடலாம் என்று சொல்லிச் சோற்றைப் போட்டாள்.

அந்தத் தாகம் எங்கே போனது என்று மறுநாள் காலை வெயில் ஏறும்போது தெரிந்தது.

சிப்பிக்கரைப் பெண்கள் உப்பளத்தில் தண்ணீர் குடிப்பதில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளைவெளேரென்று கிடக்கும் அந்த வெளியில் ஒரு மரம் இல்லை, ஒரு மறைப்பு இல்லை, ஒரு சுவர் இல்லை. ஆண்கள் வரப்பு ஓரம் போய்த் திரும்பி நின்றுகொள்வார்கள். பெண்களுக்குத் தூரத்துக் கருவேலங்காடுதான், அங்கே போய் வருவதற்குள் கங்காணி சத்தம் போடுவார், பாத்தியில் உப்பு இறுகிவிடும். ஆகையால் விடியுமுன் வாயைக் கட்டிக்கொண்டு போய், வீடு திரும்பித்தான் தண்ணீர் குடிப்பது என்பது அந்த ஊரில் பெண்ணாய்ப் பிறந்தவளின் வழக்கம் ஆயிற்று. புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்ணுக்கு மற்றப் பெண்கள் முதல் வாரம் அரைச் செம்பு, அடுத்த வாரம் ஒரு மடக்கு, அப்புறம் அதுவும் இல்லை என்று பழக்கிக் கொடுப்பார்கள். சாயங்காலம் வரை அடக்கி நின்றவளை, ஏளா, இவ கெட்டிக்காரி என்று மெச்சுவார்கள். எரிச்சலும் காய்ச்சலும் வந்தால் சூட்டு உடம்பு என்பார்கள். இந்தக் கெட்டிக்காரத்தனத்தில் ஊருக்கே முதல் சொர்ணக்கிளி. கல்யாணமான நாளிலிருந்து ஒருநாள் கூட அவள் கருவேலங்காட்டுப் பக்கம் போனதில்லை.

அன்று தாகம் முதலில் வந்து உட்கார்ந்தது ஞானப்பூவின் மேல். ஞானப்பூ வாய்த்துடுக்குக்காரி, ஊரில் யாருக்கும் கட்டுப்படாதவள், தாகத்துக்கு மட்டும் உடனே கட்டுப்பட்டாள். உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் லாரிக்காரர்களுக்கு வைத்திருந்த டிரம்மில் வாயை வைத்தவள் நிமிர்ந்தபோது, வாயெல்லாம் நன்னாரி வாசம் கேட்டு ஏங்கிற்று.

“இது யாரு தாகம்னு தெரியுதா?” என்று அவள் மற்றவர்களைப் பார்த்துச் சொன்னாள். “நம்ம தவசி அண்ணாச்சி தாகம்ளா. அவியதான் நன்னாரி நன்னாரின்னு உயிர விடுவாவ.”

யாரும் ஆச்சரியப்படவில்லை. தாகம் என்றால் எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும், தெரிந்த இடத்துக்கு வந்திருக்கிறது, இருபது வருஷம் வேலை பார்த்த இடம் என்று பேசிக்கொண்டார்கள். வெயில் ஏறியதும் வேலைக்கு வரும் ஆள் மாதிரி அது தினமும் வந்தது, ஒவ்வொருத்தி மேலும் முறை வைத்து உட்கார்ந்தது, உட்கார்ந்தால் குடிக்காமல் விடாது. ஆண்பிள்ளையின் தாகம் ஆயிற்றே என்று ஆரம்பத்தில் அது வரும்போது முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள், சின்ன வயசுப் பெண்கள் கொஞ்சம் முகம் சுளித்தார்கள், பிறகு எல்லாரும் அண்ணாச்சி வந்துட்டாவ, பானைய எடு என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள். டீக்கடைக்காரர் இரண்டு மண்பானை கொடுத்தார். ஒருத்தி வீட்டிலிருந்து நன்னாரி வேர் கொண்டுவந்து போட்டாள், விருந்தாளிக்குப் பிடித்ததைச் செய்வதுதானே முறை. கோயில் தர்மகர்த்தா இது அம்மன் சோதனை என்றார், மாதா கோயில் உபதேசியார் இல்லவே இல்லை என்றார், பெண்கள் இருவருக்கும் ஆளுக்கொரு செம்பு தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

குடித்தால் போகத்தானே வேண்டும். பெண்கள் கூட்டம் கூட்டமாகப் பலகையைப் போட்டுவிட்டுக் கருவேலங்காட்டுக்கு நடந்தார்கள். வரப்பின் மேல் சேலை வரிசை போவதும் வருவதுமாக இருந்தது. வாராமல் விட்ட பாத்திகளில் உப்பு கல்லாக இறுகிற்று. கங்காணி வைகுண்டம் தொண்டை கட்டுமட்டும் கத்திப் பார்த்தார், கூலியைப் பிடித்தும் பார்த்தார். ஆனால் வேறொன்றும் நடந்தது. மண்டையிடி நின்றது. பொழுது சாயும்போது வரும் கிறுகிறுப்பு நின்றது. பெட்டிக்கடைக்காரர், இப்போதெல்லாம் வலி மாத்திரைக்கு ஆள் வருவதில்லையே என்று தவசிக்கண்ணுவிடமே வந்து குறைப்பட்டுக்கொண்டார்.

பெரியாஸ்பத்திரியில் டயாலிசிஸ் வார்டு முழுக்கச் செய்தி பரவியிருந்தது. பக்கத்துப் படுக்கை காஜா மைதீன், ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர், எலுமிச்சைத் துண்டைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு, அண்ணே, உங்க தாகத்துக்காவது ஒரு ரோஷம் இருக்கு, என் தாகம் தெருமுனைக்குக்கூடப் போக மாட்டேங்குது என்றார். ஊசி ஏறிய கையை அசைக்காமல் வார்டே சிரித்தது. சிரிக்காதவள் நர்ஸ் ஒருத்திதான். முந்தின வாரம் துணைக்கு வந்த சொர்ணக்கிளியின் காலைப் பார்த்து, முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அமுக்கி, எடுத்த பிறகும் குழி அப்படியே நிற்பதைப் பார்த்து, ரத்தமும் மூத்திரமும் எடுத்து அனுப்பியவள் அவள். இப்போது தவசிக்கண்ணுவின் தலைமாட்டில் வந்து குனிந்தாள்.

“அவங்களுக்கும் ஆரம்பிச்சிருக்கு அண்ணாச்சி. இன்னும் கைமீறிப் போகல. வெயில்ல நிக்கும்போது தண்ணி குடிக்கணும், அடக்கி வைக்கக் கூடாது, அந்த மாத்திரையத் தொடக் கூடாது. இப்ப விட்டா…” என்றவள், பக்கத்தில் யாருக்காகவோ புதிதாகப் போட்டிருந்த காலிப் படுக்கையை ஒருமுறை பார்த்துவிட்டு நகர்ந்தாள்.

அதற்குப் பிறகு தவசிக்கண்ணுவுக்கு அந்த ஒரு படுக்கையைத் தவிர வேறு நினைப்பு இல்லை. தினமும் சாயங்காலம் சொர்ணக்கிளி வந்ததும், இன்றைக்காவது அது உன் மேல் உட்கார்ந்ததா என்று கேட்பார். இல்லை என்பாள். ஊரிலுள்ள அத்தனை பெண்கள் மேலும் முறை வைத்து உட்கார்ந்த அந்தத் தாகம், கட்டின பெண்டாட்டியை மட்டும் சுற்றிச் சுற்றி வந்து, கொஞ்சம் தள்ளி நின்று, பிறகு அடுத்தவளிடம் போய்விடுகிறது என்று மற்றவர்களும் சொன்னார்கள். உம்மவரு வெளியதான் தாராளம்போல என்று ஞானப்பூ கேலி பேசினாள்.

“ஒங்க தாகத்துக்கு என்னையத் தெரியும்,” என்றாள் சொர்ணக்கிளி, தட்டைக் கழுவிக்கொண்டே. “எல்லாரும் காட்டுக்குப் போயிட்டா பாத்திய யாரு வாருவா? எனக்கும் கூலியப் பிடிச்சா ஒங்கள யாரு பஸ் ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவா? அதான் அது வந்தா ஒரு பார்வை பாப்பேன், போயிரும்.”

நர்ஸ் சொன்னதை அவர் சொன்னார். அவளுக்கு அது முன்பே தெரிந்திருந்தது, காலைப் பார்த்தாலே தெரியாதா என்றாள். கொஞ்ச நாள் தள்ளலாம், பார்ப்போம் என்றாள். எதைத் தள்ளுவது, எவ்வளவு தூரம் தள்ளுவது என்று அவர் தன்னைத்தானே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன்னைப் பிழைக்க வைப்பதற்காக ஒருத்தி தன் சாவைக் கொஞ்சம் கொஞ்சமாக வாரிக் குவித்துக்கொண்டிருக்கிறாள், அதில் தினமும் சோறு வாங்கித் தின்னும் தான் யார்? ஊர்ப் பெண்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்த தாகம் அவளுக்கு மட்டும் போய்ச் சேராவிட்டால், அது தன் தாகம்தானா, இல்லை அதிலும் தான் பாதி மனுஷன்தானா? கேள்வி மட்டும் வீட்டுக்குள் ஒரு ஆளாக நடமாடிக்கொண்டிருந்தது.

இந்த நேரத்தில்தான் கங்காணி வைகுண்டம் முதலாளியின் காரில் வந்து வாசலில் இறங்கினார். ஒரு எலுமிச்சம்பழமும் கொண்டுவந்திருந்தார். விஷயம் லேசானது, தவசி அளத்துக்கு ஒருநடை வந்து தன் தாகத்தைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட வேண்டும், அவ்வளவுதான். அவர் உயிரோடிருக்கும் காலம்வரை ஆஸ்பத்திரிக்குப் போகவர இந்தக் கார் வாசலுக்கு வரும், ஊசி மருந்துச் செலவும் முதலாளியுடையது. கூப்பிட மாட்டேன் என்றால் அடுத்த பருவத்துக்குப் பாத்தி மிதித்துப் பதப்படுத்த இந்தத் தெருவிலிருந்து ஒரு பெண்ணையும் எடுக்கப் போவதில்லை. இதை முதலாளி மிரட்டலாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார் என்றும் வைகுண்டம் சேர்த்துக்கொண்டார். ஒரு கழிப்பறை கட்டிக் கொடுத்தால் காட்டுக்கு நடக்கிற நேரம் மிச்சமாகுமே என்று தவசிக்கண்ணு கேட்டார். உப்பு விளைகிற மண்ணில் எந்தச் சுவர் நிற்கும், அரித்துவிடும், இத்தனை காலம் இல்லாதது இப்போது எதற்கு என்றார் வைகுண்டம்.

கார் என்றதும் அவர் மனசு ஒரு நிமிஷம் மெத்தையில் சாய்ந்ததை அவரே பார்த்தார். ரத்தம் சுத்தம் செய்து எழுந்த கையோடு, கால் நடுங்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் நின்று வருபவனுக்கல்லவா அந்த மெத்தையின் அருமை தெரியும். அன்றைக்கே ஞானப்பூவும் வந்தாள். வழக்கமான துடுக்கு இல்லாமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கூப்பிடுறதுன்னா கூப்பிட்டுக்கிடுங்க அண்ணாச்சி. நாங்க ஒண்ணும் நினைக்க மாட்டோம், ஒங்க உயிரு ஒங்களுக்கு,” என்றாள். போகத் திரும்பியவள் நின்றாள். “கல்யாணமாயி வந்ததுக்கு அப்புறம் இப்பத்தான் நான் எரிச்சல் இல்லாம ஒண்ணுக்குப் போறேன். அத மட்டும் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

மறுநாள் உச்சிவெயிலில் தவசிக்கண்ணு உப்பளத்துக்குப் போனார். எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொள்ளவில்லை. வண்டிப்பாதையில் நின்று நின்று நடந்து அவர் வந்து சேர்ந்தபோது முதலாளி குடைக்கடியில் நின்றுகொண்டிருந்தார், வைகுண்டம் பக்கத்தில் நின்றார், பெண்கள் பலகைகளை ஊன்றிக்கொண்டு பாத்திகளில் நின்றார்கள். சொர்ணக்கிளி ஒருத்திதான் நிமிராமல் வாரிக்கொண்டிருந்தாள். லாரிக்கு ஏற்றுவதற்காக மூட்டை கட்டிய உப்பு வரப்போரம் அடுக்கடுக்காக இருந்தது.

தாகம் அவரைக் கண்டதும் வந்துவிட்டது. வேறு யாருக்கும் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்தது. காலடியில் ஈரமண் பொருக்கு வெடித்தது, தொண்டைக்கு நேரே ஒரு காந்தல் வந்து நின்றது, உத்தரவு கொடுத்தால் உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறேன் என்பதுபோல நின்றது. இத்தனை வருஷம் தன்னைத் தின்றது, ஆனாலும் தன்னுடையது. தனக்கு வேண்டாததை ஊரார் தலையில் கட்டிவிட்டுப் போகிறவனா நான் என்று கடைசியாக ஒருமுறை கேட்டுக்கொண்டார். வேண்டாததைக் கொடுக்கவில்லை, தான் இழந்ததைத்தான் கொடுக்கிறேன் என்று தோன்றியது. அது சரியான பதிலா என்று அவருக்கு நிச்சயமில்லை. நிச்சயம் வரும்வரை காத்திருக்க நேரமும் இல்லை.

“நீ இங்கனயே கெட,” என்றார் அதனிடம். “நான் செத்தாலும் வீட்டுப் பக்கம் வராத.”

பிறகு முதலாளியைப் பார்த்து, அது வராதாம் என்று பணிவாகச் சொன்னார். சொல்லிவிட்டு மூட்டைகளிடம் போய், ஒரு மூட்டையின் காதைப் பிடித்து இழுத்தார். அது அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கப் பார்த்தார்.

இடது கையில், டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்த இடம் கயிறு மாதிரி புடைத்திருக்கும். அந்தக் கையில் கனம் தூக்கக் கூடாது. அது அடைந்துபோனால் ஊசி போட வேறு வழி தேட வேண்டும், வழி கிடைக்கும்வரை உயிருக்கு உத்தரவாதம் இல்லை. இது ஊரில் ஒருத்திக்கு மற்ற எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து நடுவேலையில் பலகையைக் கீழே வைக்காத சொர்ணக்கிளி பலகையை வீசிவிட்டு, பாத்தி கலங்க, இறுகாத உப்பெல்லாம் மிதிபட, குறுக்கே ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள்.

“அந்தக் கையால தூக்கக் கூடாதுன்னு தெரியும்லா. என்ன செய்யுதீய?”

“சுவரு வைக்கேன்,” என்றார் அவர்.

அவள் அவரைப் பார்த்தாள். மூட்டையைப் பார்த்தாள். குடையைப் பார்த்தாள். அவர் காலால் மண்ணில் ஒரு சதுரம் கிழித்தார், ஒருபக்கம் திறப்பு விட்டு. அவள் குனிந்து மூட்டையைத் தோளில் ஏற்றினாள், கொண்டுபோய் அந்தக் கோட்டின் மேல் போட்டாள், போட்டுவிட்டு அடுத்த மூட்டைக்குத் திரும்பினாள்.

“எங்க உப்பும்மா அது, விலை பேசின உப்பு,” என்றார் முதலாளி.

“நாங்க வாருனதுதான்,” என்றாள் ஞானப்பூ, இரண்டாவது மூட்டையைத் தூக்கிக்கொண்டே.

பிறகு பாத்திகளில் நின்ற பெண்கள் எல்லாரும் கரையேறினார்கள். உப்பு மூட்டை தூக்குவது அவர்களுக்குப் புதிதா என்ன, லாரிக்குத் தூக்கினதை இப்போது தங்களுக்குத் தூக்கினார்கள். ஒருத்தி குழி வெட்டினாள், இரண்டு பேர் உப்பு அம்பாரத்தின் மேல் மூடியிருந்த ஓலைக் கீற்றைப் பிரித்துக் கூரை போட்டார்கள், அம்பாரம் வெயிலில் நிர்வாணமாகப் பளபளத்தது, ஒருத்தி பையிலிருந்த மாற்றுச் சேலையை வாசலுக்குத் தொங்கவிட்டாள். சுவர் இடுப்பளவு வந்தது, தோளளவு வந்தது, ஆள் உயரமும் தாண்டிற்று. வைகுண்டம் போலீசைக் கூப்பிடலாமா என்று கேட்டார். என்னவென்று சொல்லிக் கூப்பிடுவாய் என்று முதலாளி எரிந்து விழுந்தார்.

கடைசி மூட்டையை வைத்துவிட்டு நிமிர்ந்த சொர்ணக்கிளிக்கு ஏதோ ஒன்று வந்தது. அது அவருடைய தாகம் இல்லை, அதற்கு நன்னாரி வாசம் இல்லை. புதுப்பெண்ணாக இந்த அளத்துக்கு வந்த வாரத்தில் அவள் விரட்டிவிட்ட அவளுடைய சொந்தத் தாகம், மெலிந்து, கூச்சப்பட்டு, கூப்பிடுவார்களோ மாட்டார்களோ என்று தயங்கி நின்றது. அவள் பானையிடம் போனாள். ஒரு செம்பு குடித்தாள். இன்னொன்று மொண்டாள். தொண்டை ஏறி இறங்குவதை ஊரே நின்று பார்த்தது, தவசிக்கண்ணு தன் தொண்டையைத் தொட்டுக்கொண்டு பார்த்தார். குடித்து முடித்து, வாயைத் துடைத்து, பாதிச் செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்துபோய் அவள் சேலையை விலக்கி உள்ளே நுழைந்தாள்.

அப்போதுதான் முதலாளிக்குக் கோபம் முழுசாக வந்தது. லாரி வருகிற நேரம் ஆயிற்று, ஒரு மூட்டை விடாமல் பிரித்துப் போடு என்று வைகுண்டத்திடம் சொல்லிவிட்டுத் தானே முன்னால் நடந்தார். பெண்கள் தடுக்கவில்லை. விலகி வழிவிட்டார்கள். வைகுண்டம் போய்ச் சேலைத் தலைப்பைப் பிடித்தார்.

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது, அவசரமே இல்லாமல்.

“ஆள் இருக்கு.”

வைகுண்டத்தின் கை தானாக விலகிற்று. அவர் முதலாளியைப் பார்த்தார், முதலாளி சுவரைப் பார்த்தார். அப்படிச் சொன்ன இடத்துக்குள் கை நீட்டுவதற்கு உலகத்தில் எந்த முதலாளிக்கும் யாரும் பழக்கிக் கொடுத்ததில்லை. முதலாளி ஒரு அடி பின்னால் வந்தார், அவருக்கு முன்னால் ஞானப்பூ போய் நின்றாள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி என்று வரிசை வரப்பு நெடுக வளர்ந்தது.

எவ்வளவு நேரம் ஆகும் என்று கடைசியில் முதலாளி கேட்டார். யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமல், பொதுவாகக் கேட்டார்.

“ஆகும்,” என்றாள் ஞானப்பூ, திரும்பிப் பார்க்காமல். “எங்களுக்கெல்லாம் ஆகணும்லா.”